மாப்பிள்ளையிடம் சொல்லு

"இந்த வீட்டுல உனக்கு ஒரே ஒரு அறை குடுத்தா எதை எடுத்துக்குவே?" என்று அத்தான் கேட்டார்.

நாங்கள் நின்றது ஓர் அருங்காட்சியகத்தில். எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி குடும்பத்தோடு வாழ்ந்த மாளிகையை அப்படியே வைத்திருந்து சீட்டு விற்றுக் காட்டுகிறார்கள். அறைக்கு அறை வாசலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கட்டில், பீங்கான் கிண்ணம், மேசைமேல் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி. வீட்டுக்காரர் இப்போதுதான் எழுந்து பக்கத்து அறைக்குப் போயிருப்பார் என்று தோன்றியது. சத்தம் போட்டால் திரும்பி வந்துவிடுவாரோ என்று நான் மெல்ல நடந்தேன்.

எனக்கு எது வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன். ஒன்பதாம் வகுப்போடு அதுவும் முடிந்தது. பிறகு அம்மாவின் தையல் அறையில் இரண்டாவது மிஷின் எனக்கு. மிஷினுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான் மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைக் காட்டினேன். ஜன்னல் ஓரம் ஒரு பலகை, ஒரு ஆள் காலை மடக்கி உட்காரலாம். அவ்வளவுதான்.

"இத்தனை பெரிய மாளிகையில இதுதான் கிடைச்சுதா? வாடகை கம்மியா இருக்கும்னு பாத்தியா?" என்று அத்தான் சிரித்தார். தனக்குச் சமையலறை போதுமாம், எந்நேரமும் சூடாக இருக்குமாம்.

பின்னாலிருந்து அம்மா, "மாப்பிள்ளை எதுக்குச் சிரிக்கிறார்னு கேளு" என்றாள்.

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. வீட்டு ஆண்களோடு கல்யாணமான பெண்கள் நேராகப் பேசுவதில்லை. கோபம் ஒன்றும் கிடையாது, மரியாதை. அப்பா இருந்த காலத்தில், அவர் நாற்காலியில் இருக்க, நான்கடி தள்ளி நின்று அம்மா அக்காவிடம் சொல்வாள்: அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. அப்பா பேப்பரை மடிக்காமலே, வர்றேன்னு சொல்லு என்பார். அக்கா கல்யாணமாகி விமானம் ஏறிய பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும், நான் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியதே இல்லை. தபால்பெட்டி மாதிரி நடுவில் நின்றால் போதும்.

மாப்பிள்ளை என்றால் மரியாதை இன்னும் ஒரு பங்கு கூட. அத்தானும் இந்த ஆட்டத்துக்குப் பழகியிருந்தார். தொலைபேசியில்கூட அம்மா அவரோடு பேசியதில்லை. "மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" என்று அக்காவைக் கேட்பாள். பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்கும், "நல்லா இருக்கேன்னு சொல்லு." கொஞ்ச காலமாக அந்தக் குரல் கேட்பதில்லை. வேலைக்குப் போயிருக்கிறார் என்று அக்கா சொல்வாள்.

"அவ குடித்தனத்தை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா எனக்குப் போதும்" என்று சொல்லித்தான் அம்மா பயணத்துக்குச் சம்மதித்தாள். வந்து இறங்கிய அன்றே அக்கா சொல்லிவிட்டாள், ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் தன் ஷிஃப்டை மாற்ற முடியாது, ஊர் சுற்றிக் காட்ட அவர் லீவு போட்டிருக்கிறார் என்று. அத்தானுக்கு உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தப் பழைய கட்டடத்துக்குள் போனாலும் முதலில் லிஃப்ட் எங்கே என்றுதான் தேடுவார். "நான் அந்தக் காலத்துல பொறந்திருந்தா பட்டினிதான்" என்பார்.

என்னை "வாயாடி" என்றுதான் கூப்பிட்டார். நான் வாயே திறக்காததால் வைத்த பெயர். வாயாடி, இந்தப் படத்துல இருக்கிற அம்மா எதுக்கு முறைக்குது? வாயாடி, இந்த ராஜாவுக்குப் பல்வலி இருந்திருக்குமோ? தினமும் இப்படி ஏதாவது கேட்டுக்கொண்டே வருவார். நான் பதில் சொல்லாவிட்டாலும் விடமாட்டார், காத்திருப்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். முறைக்கும் அம்மாளுக்கு இடுப்பில் உடை இறுக்கம், தையல்காரியின் மேல் கோபம் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மூலையில் மடக்கு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த காவல்காரர் விழித்துவிட்டார்.

ஓர் அரண்மனையில் தரை வீணாகாமல் இருக்க, செருப்புக்கு மேலே கம்பளித்துணியில் தைத்த பெரிய உறைகளை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். காலைத் தூக்கி வைக்க முடியாது, இழுத்துத்தான் நடக்க வேண்டும். அம்மா புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பனியில் போவது போலச் சறுக்கிச் சறுக்கிப் போனாள். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, காசையும் வாங்கிட்டு நம்மளை வச்சே தரையையும் துடைச்சுக்கிறாங்க." அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தைக்கு ரெண்டு ரூம் சம்பளம் பாக்கின்னு சொல்லு" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் அத்தான் வேறு ஆளாகிவிடுவார். ஒரு படுக்கையறை உள்ள சின்ன வீடு. எங்களுக்கு அந்த அறையைக் கொடுத்துவிட்டு அவர்கள் இருவரும் கூடத்தில் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நாங்கள் படுக்கப் போகும்வரை கூடத்தில் நாற்காலியின் நுனியில், பல் டாக்டரிடம் முறைக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சமையலறைக்குப் போனவர் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினார். டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வந்து சேர்ந்த இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்திருந்த இடம் அது.

மறுநாள் விடியுமுன் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கூடத்துக்கு வந்தேன். சோபாவில் அக்கா மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே தெருவில் அத்தானின் கார். உள்ளே அவர் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு எங்கள் ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அக்கா எழுந்து என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், போய்ச் சமையலறை விளக்கைப் போட்டாள். சற்று நேரத்தில் கையில் ரொட்டியோடு அத்தான் மேலே வந்தார். "கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு என்னிடம் சொன்னாள். போன குளிர்காலத்திலேயே அவர் தனியாக அறை எடுத்துப் போய்விட்டாராம். அம்மா திரும்பிப் போகிறவரை வந்து இருக்கும்படி அவள்தான் கேட்டிருக்கிறாள்.

"சண்டையா?" என்றேன்.

"சண்டை போட்டாத்தான் நல்லா இருந்திருக்குமேடி. பேச்சு நின்னு போச்சு. எனக்கு அவர்கிட்ட நேரா ஒண்ணைச் சொல்லவே வராது. சொல்லணும்னு மனசுல இருக்கும், வாய் வராது. யார்கிட்ட சொல்லி அனுப்புறது? செவுத்துக்கிட்டயா?" கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உன்னை அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும். மூணாவது ஆளா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் நிற்க ஆள் இல்லாமல்தான் இவர்கள் குடித்தனம் நின்றுபோனது என்றால், இதோ நான் இருக்கிறேனே. புறப்பட இன்னும் சில நாள் இருந்தது. அன்று முதல் எனக்கு எந்த அருங்காட்சியகமும் கண்ணில் ஏறவில்லை. காலையில் இவர் சொன்னதை மாலையில் அவளிடமும், அவள் சொன்னதை மறுநாள் இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சொல்லாததையும் சேர்த்துக்கொண்டேன். "அக்கா உங்களை ஸ்வெட்டர் போட்டுக்கச் சொன்னா" என்றேன். அத்தான் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காரின் பின்சீட்டிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம்தான் ரயிலேறிக் கோட்டை ஊருக்குப் போனோம். ஊரைச் சுற்றி மதில், மதில்மேல் நடக்கப் பாதை. கல்படிகள் நடுவில் தேய்ந்து கரண்டிபோலக் குழிந்திருந்தன. பீரங்கி வைக்கும் சந்தில் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள். இத்தனை பழைய ஊரில் இன்னமும் ஆட்கள் குளித்து, துவைத்து, பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோட்டை வாசல் கோபுரத்துக்குள் சின்னக் காட்சிக்கூடம் ஒன்று. முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்துப் பலகையை அத்தான் எங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இருட்டினதும் இந்தக் கதவைப் பூட்டிடுவாங்களாம். நேரம் கழிச்சு வந்தவன் சொந்த வீடு உள்ளேயே இருந்தாலும் விடியுற வரைக்கும் வெளியிலதான் கிடக்கணுமாம். மேலே மதில்ல விளக்கு தெரியுதான்னு பாத்துக்கிட்டு...

அங்கே நிறுத்திவிட்டார். மிச்சத்தைப் படிக்கவில்லை. "வாங்க, மேலே காத்து நல்லா வரும்" என்று முன்னால் நடந்தார்.

மதில்மேல் பாதை குறுகல். அத்தான் முன்னால், அம்மா அடுத்து, நான் கடைசி. கீழே ஆறும், அதன்மேல் வரிசையாகப் பாலங்களும், சிவப்புக் கூரைகளும் தெரிந்தன. அம்மா சந்தோஷமாக இருந்தாள். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, அடுத்து வீடு மாத்துனா இந்த மாதிரி வெளிச்சமான ஊராப் பாக்கச் சொல்லு. பிள்ளைங்க பொறந்தா ஓடி விளையாடும்." அத்தான் திரும்பவில்லை. "சரின்னு சொல்லு" என்றார். காற்று அவர் ஸ்வெட்டரைத் தூக்கியது. உள்ளே சட்டையின் கீழ் ஓரத்தில் சலவைக் கடைக்காரன் குத்தியனுப்பிய சின்னத் துண்டுச்சீட்டு ஒன்று கழற்றப்படாமல் படபடத்தது. அதை எடுத்துவிட அம்மாவின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. அதற்குப் பிறகு ரயில் நிலையம் வரும்வரை அவள் மாப்பிள்ளையிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

மாலையில் துணி உலர்த்தும்போது அம்மா அக்காவிடம் கேட்டாள், "மாப்பிள்ளை துணி ஒண்ணையும் காணோமே?"

"அவர் வெளியில குடுத்துடுவார்மா."

"வீட்டுல வாஷிங் மிஷின் இருக்கும்போதா?" என்றாள் அம்மா. அக்கா அடுத்த துணியை எடுத்து உதறினாள். அம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் அதற்குமேல் கேட்பதில்லை.

ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்கு ஒரு காரியம் பலித்தது. நால்வரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம், "அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்றாள். எப்படித்தான் அது வாயில் வந்ததோ, அப்படியே அம்மாவின் குரல். அத்தான் நிமிர்ந்து, "போதும்னு சொல்லு" என்றார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். அக்காவுக்குப் புரை ஏறியது. அத்தான் எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். எந்த அலமாரி என்று இம்முறை தேடவில்லை. நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் கவனம் இதில் இல்லை என்று இப்போது தெரிகிறது. அவள் சட்டையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அதிகாலையில் கண் விழித்தபோது பக்கத்தில் அம்மா இல்லை. கூடத்து ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியில் படிந்த பனிப்புகையை முந்தானையால் துடைத்து, துடைத்த இடம் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் காலடி கேட்டும் திரும்பவில்லை.

"சமையக்கட்டு லைட்டைப் போடு. குளிர்ல உக்காந்திருக்கார்" என்றாள்.

விளக்கைப் போட்டேன். அத்தான் ரொட்டியோடு வந்தார். அம்மா டீயை என் கையில் கொடுத்தாள், நான் அவரிடம் கொடுத்தேன். வழக்கம்போலத்தான் எல்லாம் நடந்தது.

அக்கா அன்று தானாகவே லீவு போட்டிருந்தாள். நால்வரும் நகரத்துப் பெரிய பூங்காவுக்குப் போனோம். மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை அடித்திருந்தார்கள். பெஞ்சுகளில்கூடச் சிறு பித்தளைத் தகடுகள், அந்த இடத்தில் உட்காரப் பிரியப்பட்டு, இப்போது இறந்துபோய்விட்டவர்களின் பெயர்கள். அம்மா அது தெரிந்ததும் எழுந்து தகட்டை மறைக்காமல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். குளத்தில் வாத்துகள் யார் கையில் ரொட்டி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஆட்களை மாற்றின. "உன் ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் மாதிரியே நடக்குது பாரு" என்று அத்தான் ஒரு வாத்தைக் காட்டினார். என்னிடம் அல்ல, அக்காவிடம், நேராக. அக்கா சட்டென்று திரும்பி, "அவரை எப்ப பாத்தீங்க?" என்றாள். அவள் காய்ச்சலில் கிடந்தபோது ஒருநாள் மருந்துச் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாராம். அவளுக்கு அது தெரியாதாம். இன்னும் ஒரு வாரம் இருந்தால் போதும் என்று நினைத்தேன், ஒரே ஒரு வாரம்.

அத்தான் டீ வாங்கப் போனார். அம்மா பெஞ்சில் இருந்தாள். அக்கா என்னைக் குளத்தோரமாகத் தள்ளிக்கொண்டு போய், கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள்.

"நாளைக்கு உங்களை ஏத்தி விட்டுட்டு..." என்றாள். நிறுத்தினாள். "வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகச் சொல்லு. ராத்திரிக்கு. நான் சொன்னேன்னு சொல்லு."

பொய்யில்லாமல் எடுத்துப்போக எனக்குக் கிடைத்த முதல் சேதி. நான் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். டீக்கடை ஜன்னலில் அத்தான் நான்கு காகிதக் கோப்பைகளை அட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை தனியாக, அக்காவுக்கு இல்லாமல். கோப்பைகள் சிந்தாமல் மெல்ல நடந்துவந்தார். முதலில் அம்மாவிடம் நீட்டச் சொல்லி என் கையில் ஒன்றைக் கொடுத்தார். அக்கா தன் கோப்பையை அவர் கையிலிருந்தே எடுத்துக்கொண்டாள்.

அம்மா டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"தம்பி" என்றாள்.

அத்தான் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"உங்களைத்தான். இத்தனை வருஷத்துல நல்லா இருக்கீங்களான்னு என் வாயால ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருக்கணும். மரியாதைன்னு நினைச்சேன்." அம்மாவின் குரல் நடுங்கவில்லை. துணிக்கடையில் விலை பேசுகிறவள் போலத் தெளிவாக இருந்தது. "இனிமே எங்களுக்காகக் காருல உக்காந்து விடிய வைக்க வேண்டாம். ஏர்போர்ட்டுக்கும் வர வேண்டாம், அவ கூட்டிட்டுப் போவா. உங்களை யாரும் தப்பா நினைக்கலை. நீங்க உங்க வழியைப் பாத்துக்கிட்டு நல்லா இருங்க."

நல்ல மனத்தோடுதான் சொன்னாள். அவள் பார்த்தது சட்டையின் துண்டுச்சீட்டையும் காரையும்தான். சாப்பாட்டு மேசையின் சிரிப்பையும், வாத்தையும், சற்றுமுன் கோப்பை கை மாறியதையும் அவள் கவனித்திருக்கவில்லை. ஒரு மனிதரை நம் பொருட்டு இழுத்தடிக்கிறோமே என்று அவரை விடுவித்தாள். மாப்பிள்ளையிடம் ஒருநாளும் பேசாத அம்மா நேராகப் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் நால்வருக்கும் தெரியும்: இனி அவர் மாப்பிள்ளை இல்லை.

அத்தான் முகம் வெளுத்துவிட்டது. அட்டைத் தட்டை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார். அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திரும்பினார்.

"அத்தான்" என்றேன்.

அவ்வளவு சத்தமாக நான் எப்போதும் பேசியதில்லை. வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா உங்களை நாளைக்கு ராத்திரி வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்றா."

அத்தான் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். ஓவியங்களுக்கு முன்னால் என் பதிலுக்காகக் காத்திருந்த அதே மாதிரி, அவசரமில்லாமல், காத்திருந்தார். அம்மாவும் பார்த்தாள். நான் சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவள் கை மார்புக்குப் போனது. என் பங்கை நான் சொல்லியாகிவிட்டது. ஒரே ஒரு "வாங்க" அக்கா சொன்னால் போதும். அக்காவின் உதடு பிரிந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நீ சொல்லேன் என்பதுபோல.

நான் சொல்லிவிட்டேனே அக்கா.

அவள் கோப்பைக்குள் குனிந்துகொண்டாள். அத்தான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஸ்வெட்டரின் கழுத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சரளைக்கல் பாதையில், பெயர்ப்பலகை அடித்த மரங்களுக்கு நடுவே, நடந்து போனார்.